இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சுற்றுலா என்றவுடன் நம் மனக்கண்முன் வருவன எவை? உதகை, கொடைக்கானல், குற்றாலம், மாமல்லபுரம். கல்லூரி மலர்களில் ஆண்டுதோறும் வெளிவரும் பயணக் கட்டுரைகளைப் புரட்டினாலும் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அக்கட்டுரைகளில் வரும் பயணிகள் அனைவரும் நடக்கத் தெரிந்தவர்கள். பசியைப் பொறுக்கத் தெரிந்தவர்கள். "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்று நடுவழியில் நின்று அழாதவர்கள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஒரு தாய் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பையில் தண்ணீர்ப் புட்டி, பிஸ்கட், மாற்றுத்துணி. மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும். கையில் உள்ள பணமோ பேருந்துக்கும் தேநீருக்கும் மட்டுமே போதும். அவள் எங்கே போவாள்? இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதிய கட்டுரை எதையும் நான் நம் மலரில் படித்ததில்லை. ஆகவே நானே கேட்கத் துணிந்தேன்.

எட்டாத ஊர்களைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்தை, அதிலும் நம்மில் பலர் நாள்தோறும் இரயிலேறி வரும் கும்மிடிப்பூண்டிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிப்காட் என்று நாம் சுருக்கி அழைக்கும் அரசு நிறுவனம் 1971-இல் தோன்றியது. அதன் தொழில் வளாகம் வந்தபின் கும்மிடிப்பூண்டியின் முகமே மாறிப்போயிற்று. வயலாக இருந்தது ஆலையாயிற்று. தோப்பாக இருந்தது வரிசை வீடுகளாயிற்று. ஒரே அறையில் சமையலும் படுக்கையும் குழந்தையும். அடுத்த வாசலில் ஒடியா பேசும் குடும்பம், அதற்கடுத்த வாசலில் இந்தி பேசும் குடும்பம். வாசலைத் தாண்டினால் தெரு. தெருவைத் தாண்டினால் லாரி. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே ஓடுகிறது. அதைக் கடக்கப் பெரியவர்களே கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் அக்காள் அங்கே ஓர் ஆலையில் வேலை செய்கிறாள். மாமா வேறோர் ஆலையில். அக்காளுக்கு வார ஓய்வு ஞாயிறு. மாமாவுக்கு இந்த மாதம் புதன். இருவரும் சேர்ந்து குழந்தைகளோடு வெளியே போகும் நாள் பொங்கலுக்கும் தீபாவளிக்குமாக ஆண்டில் சில நாட்கள்தாம். மற்ற ஞாயிறுகளில் அக்காளுக்குத் துணை நான். பெரியவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. இந்தக் கட்டுரைக்கு நான் பெற்ற தகுதி அவ்வளவே.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை வகுப்பில் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. தாய் வேலை செய்யும் நேரத்தில் குழந்தை எங்கே இருக்கும் என்று யோசித்தவர்கள், அவள் ஓய்வாக இருக்கும் நாளில் குழந்தையோடு எங்கே போவாள் என்று யோசிக்கவில்லை. அது சட்டத்தின் வேலையன்று என்று சிலர் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் யாருடைய வேலை?

முதலில் குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதைப் பார்ப்போம். பெரியவர்களாகிய நாம் 'பார்க்கத்தக்க இடம்' ஒன்றை மனத்தில் குறித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதையே பயணம் என்கிறோம். நான்கு வயதுக் குழந்தைக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. சென்ற ஆண்டு மாமா ஆசையாகச் சேர்த்து வைத்த பணத்தில் நகரத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்கு எல்லாரும் போனோம். நுழைவுக் கட்டணமே இரண்டு நாள் கூலி. உயரம் போதாதென்று பாதி இராட்டினங்களில் பெரியவளை ஏற்றவில்லை. மீதிப் பாதியைக் கண்டு அவளே ஏற மறுத்துவிட்டாள். வெயிலில் வரிசை வரிசையாக நின்று, பிற்பகல் இரண்டு மணிக்கு இருவரும் தோளில் தூங்கிப்போனார்கள். திரும்பி வந்ததும், என்ன பிடித்தது என்று மாமா கேட்டார். "கேட்டுக்கிட்ட ஒரு பூனை இருந்துச்சே, அது" என்றாள்!

பூனைக்கு நுழைவுக் கட்டணம் உண்டா? குழந்தைக்கு வேண்டுவன சிறியவை, அருகில் உள்ளவை, தொடக்கூடியவை. சலிக்கும்வரை நின்று பார்க்க நேரம் வேண்டும். சலித்தவுடன் வீடு திரும்ப வழியும் வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் பகுதி ஏழைப் பகுதியன்று. செல்வம் கொட்டிக் கிடக்கிறது.

நம் இரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அதில் தூங்கி வழிகிறோம், அல்லது இடத்துக்குச் சண்டை போடுகிறோம். ஞாயிறு முற்பகலில், கூட்டம் ஓய்ந்த வேளையில், ஒரு குழந்தையைச் சன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டியில் ஏறினால் கவரப்பேட்டை, பிறகு ஆரணியாற்றுப் பாலம், பொன்னேரி, மீஞ்சூர். பாலத்தில் இரயிலின் ஓசை மாறுவதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் என் அக்காள் மகள்தான். மூன்றாண்டுகளாகப் போய்வரும் என் காதில் அது விழுந்ததே இல்லை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும் நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டிகளும். அவள் வண்டிகளை எண்ணுவாள். இருபதுக்கு மேல் அவளுக்கு எண் தெரியாது. ஆகவே மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். எண்ணூரை நெருங்கும்போது நீர்ப்பரப்பு. அதில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. எதிர்த் தண்டவாளத்தில் விரைவு வண்டி ஒன்று தடதடவென்று போனால் சின்னவன் முதலில் அஞ்சுவான், பிறகு கைதட்டுவான். ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு இரயிலில் கட்டணமே இல்லை. மீஞ்சூரில் இறங்கி, நிழலான பிளாட்பார பெஞ்சில் அமர்ந்து, கொண்டுபோன இட்லியைத் தின்றுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். இதற்குச் சுற்றுலா என்று பெயர் சொன்னால் நகைப்பார்கள். நகைக்கட்டும்.

இவ்விடத்தில் வழக்கமாக ஒரு மறுப்பு எழும். என் வகுப்புத் தோழி ஒருத்தியே கேட்டாள்: "ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எதுவும் நினைவில் நிற்கப்போவதில்லை. எதற்கு இந்தப் பாடு?" நினைவில் நிற்காது என்பது உண்மைதான். குடித்த தாய்ப்பாலும் நினைவில் நிற்பதில்லை. அதற்காக யாரும் கொடுக்காமல் விடுவதில்லை. சின்னவன் 'மாடு' என்ற சொல்லை மாட்டின் முன்னால் நின்றுதான் கற்றான். படப்புத்தகத்தில் உள்ளதை இன்றுவரை 'நாய்' என்றே சொல்கிறான். மக்கட்பேறு அதிகாரத்தை நாமெல்லாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள். மழலை இனிது என்று சொன்னால் போதுமா? அந்த மழலைக்குச் சொற்கள் எங்கிருந்து வரும் என்பதையும் பார்க்க வேண்டாமா?

நம் முன்னோர் சிறு குழந்தைகளுக்காக ஏதேனும் இடம் அமைத்தார்களா என்று யோசித்தால், கோயில் பிராகாரம் ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பக்தியை ஒருபக்கம் வையுங்கள். மதில் இருக்கிறது, வண்டி வராது. கல்தளம் இருக்கிறது, விழுந்து எழலாம். மண்டபத்தில் நிழல், தூணில் யாளி, குழாயில் தண்ணீர். ஓடுகிற குழந்தையை யாரும் அதட்டுவதில்லை. குருக்களே கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார். கூட்டம் கூடும் நாட்களைத் தவிர்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சிறுவாபுரிக்குச் செவ்வாய்க்கிழமையும், பெரியபாளையத்துக்கு ஆடி ஞாயிறும், திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு அமாவாசையும் கைக்குழந்தைக்காரர்களுக்கு உகந்தவை அல்ல. வேறொரு நாள் மாலையில் போனால் அந்தப் பிராகாரங்கள் குழந்தைகளின் அரசாட்சிதான். குளத்துப் படிக்கட்டில் மட்டும் கையை விடக்கூடாது.

பூண்டிக்கு வருகிறேன். திருவள்ளூரிலிருந்து சில கல் தொலைவு. குசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட நீர்த்தேக்கம்; சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கியது. 1944-இல் அது திறக்கப்பட்டபோது காண அவர் உயிரோடில்லை, 1943-இலேயே மறைந்துவிட்டார். முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி என்று நாளேட்டில் மழைக்காலந்தோறும் படிக்கிறோம். கரையில் நின்று பார்க்கும் குழந்தைக்கோ அது கடல். அங்கேயே தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. வரலாற்று மாணவி என்ற முறையில் இதைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு குழுவினர் அங்கே செய்த அகழாய்வின்படி, மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இவ்வளவும் குழந்தைக்கு எதற்கு என்பீர்கள். என் அக்காள் மகளுக்கு ஆண்டுக்கணக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கைக்கோடரியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, வெளியில் வந்ததும் வழியில் கிடந்த கல்லொன்றை எடுத்துத் தன் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்று பிடித்துப் பார்த்தாள். பொருந்தவில்லை, வேறொன்றை எடுத்தாள். நான் ஒரு பருவம் முழுதும் பாடநூலில் படித்ததை அவள் கையால் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல் இன்றும் வீட்டில் இருக்கிறது. அக்காள் அதில்தான் இஞ்சி தட்டுகிறாள்.

மதகு திறக்கும் நாளில் மட்டும் பூண்டிக்குக் குழந்தைகளைக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து. மழைக்காலத்தில் உபரிநீர் விடுகிறார்கள் என்றால் ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்க்கிறது. தோளில் குழந்தையை ஏற்றிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தண்ணீரைப் பற்றி நமக்கு ஆசை அதிகம், அச்சம் குறைவு.

அந்த ஆசையின் விலையை நம் பகுதி ஒருமுறை கொடுத்திருக்கிறது. பழவேற்காட்டை அறியாதவர் நம்மில் யார்? சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு நிற்கின்றன. பெரியவர்கள் அஞ்சுவார்கள், குழந்தைகள் அஞ்சுவதில்லை. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். கரையில் நண்டு, இறால், வலை, வலையைக் கொத்தும் காகம். குழந்தைக்கு இதைவிடப் பெரிய பொருட்காட்சி வேண்டுமா?

அங்கேதான் 2011 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்கக் குடும்பமாக வந்தவர்கள் சவாரி போன மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். உயிர்காக்கும் மிதவைச் சட்டை அவர்களிடம் இல்லை. அப்போது நான் சிறுமி. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். படகோட்டியைக் குறை சொன்னவர்கள் உண்டு. போனவர்களையே குறை சொன்னவர்களும் உண்டு. இரண்டாமவரை என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒரு நாள் விடுமுறை. எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள். குழந்தைகள் படகைப் பார்த்துக் கையை நீட்டுகிறார்கள். "வேண்டாம்" என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? மிதவைச் சட்டை இல்லாத படகு கிளம்பவே முடியாதபடி செய்வது கரையில் அதிகாரம் உடையவர்களின் பொறுப்பு.

விபத்துக்குப்பின் தடை வந்தது. தடை போடுவது எளிது. மக்கள் தண்ணீருக்குப் போவதை அது நிறுத்தாது. ஏனெனில் போக வேறு இடத்தை யாரும் காட்டவில்லை. கும்மிடிப்பூண்டியில் தாமரை ஏரி என்று ஓர் ஏரி உண்டு. பெயரைக் கேட்டாலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். அதில் கழிவுநீர் கலப்பதைப் பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை பேச்சு போயிற்று. வீட்டருகே உள்ள நீர் இப்படி ஆனால், மக்கள் தொலைவிலுள்ள நீரைத் தேடித்தான் போவார்கள். போக இடம் இல்லாதவர்களே போகக்கூடாத இடத்துக்குப் போகிறார்கள் என்பது என் துணிபு.

பெரிய பூங்கா கட்டுங்கள், நீரூற்று வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பழவேற்காட்டில் கல்லறை விட்டுப்போன அதே டச்சுக்காரர்களின் நாட்டிலிருந்து ஒரு செய்தியைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வீடுகள் நெருக்கடி. குழந்தைகளுக்கு விளையாட இடமில்லை. 1947-இல் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர், நகராட்சி ஊழியராக, சிறு சதுக்கம் ஒன்றில் மணற்குழி ஒன்றும் சில இரும்புக் கம்பிகளும் பெஞ்சுகளும் அமைத்தார். மக்கள் எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். வீடு இடிந்து கிடந்த மனைகள், சந்து முனைகள் என்று தேடித் தேடி, முப்பதாண்டுகளில் ஏறத்தாழ 700 இடங்கள் உருவாயின. யானை, ஒட்டகச் சிலைகள் ஒன்றும் அங்கில்லை. மணலும் கம்பியும்தான். கம்பி எதுவாக வேண்டுமானாலும் ஆகும் என்பது குழந்தைக்குத் தெரியும்.

நம்மிடம் இடம் இல்லையா? இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர்கள், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நம் மாநில விதி இருக்கிறது. நெடுஞ்சாலை நெடுகப் புதுப்புது நகர்கள் முளைக்கும் இப்பகுதியில் அப்படி ஒப்படைக்கப்பட்ட துண்டுநிலங்கள் எத்தனை இருக்கும்! எங்கள் அக்காள் வீட்டருகில் ஒன்று உண்டு. 'பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம்' என்ற பலகை நிற்கிறது. பலகையைச் சுற்றிக் கருவேல முள். அதன் ஓரத்தில் மணல் லாரி ஒன்று எப்போதும் நிற்கும். குழந்தைகள் அந்த லாரியிலிருந்து சிந்திய மணலில்தான் விளையாடுகிறார்கள். ஒடியாக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் சேர்ந்து கட்டும் வீட்டுக்கு எந்த மொழியில் பெயர் வைக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பின்னோக்கி வரும் லாரிக்கு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள் என்பதுதான் என் கவலை.

முள்ளை வெட்ட வேண்டும். வேலி போட வேண்டும். இரண்டு வேம்பு, ஒரு புங்கை. ஒரு குழாய். தாழ்ப்பாள் உள்ளே போடக்கூடிய ஒரு கழிப்பறை. இந்தக் கழிப்பறையைப் பேராசிரியர்கள் சிரிக்காமல் படிக்க வேண்டுகிறேன். குழந்தையோடு வெளியே போகும் பெண் எவ்வளவு நேரம் வெளியே இருப்பாள் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அக்காள் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பால் கொடுக்கும் தாய் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சரியா என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் காரணம் தெரியும்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்துகிறார்கள். கோயில் வளாகம் தூய்மை செய்வோம்; சாலையோரம் கன்று நடுவோம்; நட்ட கன்றை ஆடு தின்னும்; அடுத்த ஆண்டு அதே குழியில் மீண்டும் நடுவோம். அடுத்த முகாமுக்கு ஊர் தேடும்போது, முள் மண்டிய அந்தத் துண்டுநிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது என் வேண்டுகோள். உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துதான் குறை. மணல் ஒரு லோடு என்ன விலை என்று அந்த லாரிக்காரரிடமே கேட்டுவிட்டேன். குழந்தைகளுக்கு என்றால் வண்டிக் கூலி வேண்டாம் என்றார்.